பின்மூடி

1

கைக்கடிகாரம் ஒன்றுக்குச் சரித்திரம் உண்டா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வியில் கொஞ்சம் கேலி இருந்தது. அவர் பழைய கடிகாரங்களை வாங்கிச் சேர்ப்பவர். என் பெரியப்பா விட்டுப்போன ஃபேவர் லூபா கடிகாரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்துக் கேட்டார். பிறகு, "நல்ல மெஷின்தான். ஆனால் இதற்குப் பின்னால் ஒன்றும் இல்லையே. இதே கம்பெனிக் கடிகாரம் ஒரு மலைமேல் ஏறியிருந்தால் விலையே வேறு" என்றார்.

ஏலக்காரர்கள் இதற்குப் பூர்வோத்தரம் கேட்பார்கள். எவன் கையில் இருந்தது, எங்கே போயிற்று, அதற்குச் சான்று என்ன என்பது அதன் பொருள். அந்தச் சான்று இருந்தால் பித்தளையும் எஃகும் சரித்திரமாகிவிடும். இல்லாவிட்டால் பழைய சாமான். நம்முடைய சரித்திரப் பிரக்ஞையும் ஏறக்குறைய இந்த ஏலக்காரனின் பிரக்ஞைதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. உச்சியில் நின்றவனுக்குச் சரித்திரம். அவன் நின்ற உயரத்தை அடியிலிருந்து அளந்தவனுக்கும் சுமந்தவனுக்கும் அடிக்குறிப்பு. பல சமயங்களில் அதுவும் கிடையாது. இதை நிரூபிக்க இமயமலைக்குப் போகவேண்டியதில்லை. ஒரு சிறு குன்றுகூட இல்லாத தஞ்சாவூர் ஜில்லாவே போதும். ஆனால் ஒழுங்கு கருதி மலையிலிருந்தே தொடங்குகிறேன்.

2

1953 மே 29 காலை 11.30 மணிக்கு ஹில்லரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். கால் மணி நேரம்போல அங்கே இருந்தார்கள். அந்தப் பதினொன்றரையைக் காட்டியது எந்தக் கடிகாரம்? அந்த ஆண்டே இரண்டு கம்பெனிகள் அந்தப் பெருமைக்குப் பாத்தியதை கொண்டாடி விளம்பரம் செய்தன. ஒன்று சுவிட்சர்லாந்தின் ரோலெக்ஸ். இன்னொன்று இங்கிலாந்தின் ஸ்மித்ஸ். ஹில்லரி அணிந்து சென்ற ஸ்மித்ஸ் கடிகாரம் லண்டனில் கடிகாரத் தொழிலாளர் சங்கத்தின் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரோலெக்ஸ் கம்பெனியோ அந்த வெற்றியின் பெயரிலேயே 'எக்ஸ்புளோரர்' என்ற கடிகாரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடிகாரப் பித்தர்கள் இந்த வழக்கை எழுபது ஆண்டுகளாக விடாமல் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. உச்சியில் எடுத்த மனிதப் படம் டென்சிங்குடையது மட்டுந்தான். ஹில்லரி அங்கே நிற்கும் படமே கிடையாது. கடிகாரமோ கனத்த உடுப்புக்கும் கையுறைக்கும் உள்ளே இருக்கிற வஸ்து. ஆகவே உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட மணிக்கட்டின் பூர்வோத்தரம் முழுக்க முழுக்க வாக்குமூலத்தின்மேல் நிற்கிறது. கடிதங்கள், நன்றியுரைகள், நன்கொடைப் பத்திரங்கள் என்று எல்லாம் காகிதம். ஆனாலும் நம்புகிறோம். நம்புவதற்குக் காரணம் சொன்னவர் ஹில்லரி என்பது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சாட்சியின் எடை சாட்சி சொல்பவனின் எடைதான் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கடிகாரமும் அதே மலையில் கிடைத்தது. 1924 ஜூன் 8 அன்று மதியம் உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மேலரியும் இர்வினும் மேகத்தில் மறைந்தார்கள், திரும்பவில்லை. 1999 மே 1 அன்று மேலரியின் உடல் கிடைத்தது. கைக்கடிகாரம் மணிக்கட்டில் இல்லை, சட்டைப்பையில் இருந்தது. மேல்கண்ணாடி இல்லை, முட்கள் முழுதாக இல்லை, முகப்பில் துருவின் கறை. கறையை வைத்து நேரம் ஊகிக்க முயன்றார்கள். ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். நேரம் ஒன்றாகவே இருந்திருந்தாலும் அது பகலா இரவா என்று கடிகாரம் சொல்லப் போவதில்லை. ஏறும்போது உடைந்ததா, இறங்கும்போதா? அந்த ஒரு பதிலில் முப்பது ஆண்டுச் சரித்திரம் மாறிவிடும். கடிகாரம் அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஹில்லரியின் கடிகாரம் பூர்வோத்தரம் பூராவும் உள்ளது. அதனிடம் கேட்க நமக்குக் கேள்வி இல்லை. மேலரியின் கடிகாரத்திடம் கேள்வி இருக்கிறது. அதனிடம் பதில் இல்லை. சரித்திரம் என்று நான் எதையாவது கருதினால் இந்த இரண்டாவதைத்தான்.

3

நண்பர் சொன்ன 'மலைமேல் ஏறிய' ஃபேவர் லூபாவும் உண்டு. லெ லோக்ல் என்ற சுவிஸ் ஊரில் 1737-இல் தொழில் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் அந்தக் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டிலேயே பம்பாயில் கால் ஊன்றிவிட்டது. பெங்களூரில் எச்.எம்.டி. 1961-இல் கடிகாரம் செய்யத் தொடங்குவதற்கு முன்னால், தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓரளவு வசதியான குடும்பத்து மாப்பிள்ளையின் கையில் கல்யாணத்தன்று கட்டப்பட்ட கடிகாரங்களில் இந்தப் பெயர் அடிக்கடி இருந்தது. 'சீ சீஃப்', 'சீ கிங்' என்று கடலின் பெயரில் வந்தவை அவை. நாகப்பட்டினத்துக்குக் கடலின் பெயர் பொருத்தந்தான்.

அதே கம்பெனி 1962-இல் 'பிவ்வாக்' என்று ஒன்று செய்தது. மலையேறிகள் திறந்த வெளியில் இரவு தங்குவதற்குப் பெயர் அது. நேரத்தோடு உயரத்தையும் காட்டும் முதல் கைக்கடிகாரம் என்று அதைச் சொல்கிறார்கள். 1964-இல் வால்டர் போனாட்டியும் மிஷேல் வோஷேயும் ஆல்ப்ஸில் க்ராந்த் ழொராஸின் வடக்குச் சுவரில் ஏறியபோது அது உடன் போயிற்று. 1975-இல் எவரெஸ்டில் ஏறிய முதல் பெண்மணி ஜுன்கோ தபேயும் அதையே அணிந்திருந்தார் என்று கம்பெனி சொல்கிறது. அதன் முகப்பில் உயரத்துக்கான வட்டம் 3000 மீட்டரோடு ஒரு சுற்று முடிந்துவிடும். எவரெஸ்டோ 8848. ஏறினவரின் உயரத்துக்கு முகப்பில் எண் இல்லை.

2011-இல் அந்தப் பழைய சுவிஸ் பெயரை வாங்கியது யார் தெரியுமா? டைட்டன். டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து 1984-இல் தொடங்கி, ஓசூரில் கடிகாரம் செய்கிற அதே டைட்டன்தான். அவர்கள் கையில் இருந்தபோது 9000 மீட்டர்வரை காட்டும் பிவ்வாக் ஒன்று வெளிவந்தது. பின்னர் அந்தப் பெயர் வேறோர் இந்தியக் கைக்கு மாறிவிட்டது. பம்பாய் வழியாக மாப்பிள்ளைக்கு வந்த கடிகாரத்தின் குலம் கோத்திரமே சில காலம் ஓசூரில் வந்து உட்கார்ந்திருந்ததை நண்பரிடம் சொன்னேன். அவர் அதைப் பூர்வோத்தரமாக ஏற்கவில்லை.

எனக்குச் சுவாரஸ்யம் அந்தக் கடிகாரத்தின் வயிற்றில் இருக்கும் சிறு தகரப் பெட்டியில். காற்றை உறிஞ்சி மூடிய மெல்லிய உலோகச் சிமிழ் அது. உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், சிமிழ் விரியும், அந்த விரிவு முள்ளைத் தள்ளும். அதாவது அந்தக் கடிகாரத்துக்கு மலை என்றால் என்ன என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது காற்றின் எடை ஒன்றுதான். எடை குறைந்தால் ஏறுகிறாய் என்று சொல்லும். அதனால்தான் மலையேறிகள் உயரம் தெரிந்த இடத்தில் நின்று அவ்வப்போது முள்ளைத் திருத்திக்கொள்கிறார்கள்.

இந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் வேதாரண்யத்திலோ நாகப்பட்டினத்திலோ திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பக்கத்தில் காற்றின் அழுத்தம் தினமும் காலை பத்து மணிவாக்கில் மிகுந்து மாலை நான்கு மணிவாக்கில் குறையும். வித்தியாசம் சுமார் 3 மில்லிபார். கடல் மட்டத்தில் ஒரு மில்லிபார் குறைவது எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறுவதற்குச் சமம். ஆக, மனிதர் அசையாமல் உட்கார்ந்திருக்க, கடிகாரத்தின் கணக்குப்படி அவர் தினமும் ஒரு நெட்டைத் தென்னை மரம் ஏறி இறங்குகிறார். ஐப்பசி கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் தாழ்வு மண்டலம் உருவானால் மேலே போகிறார். 8 மில்லிபார் குறைந்தால் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் உயரம். புயல் கரையைக் கடக்கும்போது 30 மில்லிபார் குறைந்தால் சுமார் 250 மீட்டர். 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, 2018 நவம்பர் 16: இந்த ஜில்லாக்காரர்களுக்கு இந்தத் தேதிகளைப் பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மலையில்லாத எங்களிடம் மலை இப்படித்தான் வந்தது. ஏறுவதற்கு நாங்கள் போகவில்லை. அது எங்கள்மேல் ஏறியது. அதைக் காட்டும் கடிகாரம் யார் கையிலும் இல்லை.

4

இனி, மலைக்கு உயரம் கொடுத்தது யார் என்பது. எவரெஸ்டின் உயரம் எவரெஸ்டின்மேல் நின்று அளந்ததல்ல. 1849-50-இல் வட பீகார்ச் சமவெளியில், நூறு மைலுக்கு அப்பாலிருந்து, தியோடலைட் என்ற கோணமானியால் அதைப் பார்த்தார்கள். கல்கத்தாவில் ராதாநாத் சிக்தார் 1852-இல் கணக்கிட்டுச் சொன்னார். 1856-இல் 29,002 அடி என்று வெளியாயிற்று. உச்சிக்கு மனிதன் போவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே சமவெளி அதை அளந்துவிட்டது. அளந்த சிக்தாருக்கு மலையின் பெயர் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்றுச் சீமைக்குப் போய்விட்ட பழைய சர்வேயர் ஜெனரலுக்குக் கிடைத்தது. 1875-இல் வந்த சர்வே நூல் பதிப்பின் முன்னுரையில் சிக்தாருக்கு முன்பு இருந்த நன்றிகூட இல்லை.

அந்தச் சமவெளிக் கணக்கின் வேர் தெற்கே இருக்கிறது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்தில் லாம்டன் அடிக்கோடு போட்டதிலிருந்து முக்கோணங்கள் கிளைத்து நாடு முழுவதும் பரவின. 1808-இல் அவர் தஞ்சாவூருக்கு வந்தார். முக்கோண அளவைக்கு மூன்று மேடான இடங்கள் வேண்டும். ஒன்றிலிருந்து மற்ற இரண்டும் தெரியவேண்டும். காவிரிக் கழிமுகத்தில் மேடு ஏது? எங்கு பார்த்தாலும் வயல், வயலின் ஓரத்தில் தென்னை. ஆகவே கோயில் கோபுரங்களின்மேல் ஏறினார்கள்.

அந்தக் கோணமானியின் கதையும் நம் கடிகாரங்களின் கதைபோலப் பூர்வோத்தரம் உள்ளதுதான். லண்டனில் கேரி என்பவர் செய்தது. வட்டத்தின் குறுக்களவு 36 அங்குலம். எடை அரை டன். கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டிக்குள் இருப்பது என்னவென்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். யுத்தத்தையும் கடலையும் தாண்டி வந்த அந்தக் கருவி பெரிய கோயிலின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது. வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, ஏறக்குறைய ஆறு வாரம் இழுத்து இழுத்து அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இந்த ஆறு வாரத்தை ஆங்கிலேயச் சரித்திரக்காரர்கள் ஒரு வீரச்செயலாக எழுதுகிறார்கள், அப்படித்தான் எழுதவேண்டும். அது பொறுமையின் வீரம். ஆனால் அரை டன் பெட்டியைக் கயிறு கட்டி இழுத்தவர்கள் எத்தனை பேர், யாருக்காவது கையோ காலோ போயிற்றா என்பதைப் பற்றி அந்தக் கதை பேசுவதில்லை. கருவிக்கு ஏற்பட்ட காயத்துக்குப் பதிவு உண்டு.

தஞ்சாவூரிலிருந்து எவரெஸ்டுக்கு நேராக ஒரு கோடு போகிறது என்று சொல்லமாட்டேன். அப்படி எழுதி மகிழ்வது உள்ளூர்ப் பெருமைக்காரர்களின் வேலை. லாம்டனின் பெரிய வில் கன்னியாகுமரியிலிருந்து வேறு தீர்க்கரேகையில் வடக்கே போயிற்று. ஆனால் ஒரே வலை, ஒரே முறை. லாம்டன் தெற்கே அளந்ததையும் சேர்த்துத்தான் எவரெஸ்ட் 1830-இல் பூமியின் வடிவத்தைக் கணித்தார். வடக்கே அளந்த சிகரங்களின் கணக்கு அந்த வடிவத்தின்மேல் நின்றது. அந்தக் கணக்கைத் தாங்கிய கருவிகளைப் பழுது பார்த்து ஓடவைத்தவர்களில் ஒருவர் நம் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசேன். சென்னையில் நகைக்கடையில் கைவேலை பழகியவர். பிறகு சர்வே இலாகாவில் சேர்ந்தார். சீமையிலிருந்து வந்த பாரோவுக்குப் பிறகு கணிதக் கருவிகள் செய்பவர் என்ற அந்த உத்தியோகமே இவருக்கு வந்தது. ரிப்பேர்காரர் ஒருவர் பெயரோடு சரித்திரத்தில் நுழைந்தது அபூர்வம். ஆற்காட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கயிறு அறுந்த சுவருக்குத் திரும்புகிறேன். அந்தச் சுவர் சாதாரணச் சுவர் அல்ல. 1010-இல் முடிந்த அந்த விமானத்துக்குத் தட்சிணமேரு என்று பெயர். கல்லே கிடைக்காத வண்டல் மண்ணில் வெளியூரிலிருந்து கல் கொணர்ந்து செய்த மேருமலை. ராஜராஜன் தான் கொடுத்ததையும் தன் அக்கன் கொடுத்ததையும் தன் பெண்டுகள் கொடுத்ததையும் மற்றவர் கொடுத்ததையும் அதில் வெட்டச் சொன்னான். பொன்னை ஆடவல்லான் என்ற கல்லால் நிறுத்தார்கள். நகையைத் தட்சிணமேரு விடங்கன் என்ற கல்லால் நிறுத்தார்கள். நிறுத்த கல்லின் பெயரோடு எடையை வெட்டினார்கள். அவன் காலத்து நில அளவையில் வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, முந்திரிக்கும் கீழே பின்னத்தின் பின்னமாக எழுதியிருக்கிறார்கள். தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, அவள் பெயர் என்ன என்று நானூறும் வரிசையாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். குடை பிடிப்பவனும் விளக்கு ஏற்றுபவனும் நாவிதனும் தச்சனும் அந்தப் பட்டியலில் உண்டு.

இதை வைத்துச் சோழர் காலத்தைப் பொற்காலமாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அந்தப் பெண்கள் விருப்பத்தோடு வந்தார்களா என்று சுவர் சொல்லாது; அவர்களுடைய பங்குக்கான நெல்லை விளைவித்தவனின் பெயரும் அதில் இல்லை. கொடுத்தவனுக்கும் பெற்றவளுக்கும் பெயர் உண்டு, உழுதவனுக்கு இல்லை. ஆனால் பதிவு என்றால் எவ்வளவு தூரம் கீழே இறங்க முடியும் என்பதை அந்தச் சுவர் காட்டுகிறது. எண்ணூறு ஆண்டு கழித்து அதே சுவரில் ஒரு பெட்டி மோதியபோது, மோதிய பெட்டியின் பெயர் மட்டும் மிஞ்சியது. முன்னேற்றம் என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வரிசையில் இதை எங்கே வைப்பது?

5

கடைசியாகப் பெரியப்பாவின் கடிகாரம். அது 'சீ சீஃப்'. உயரம் காட்டாது. பொதுப்பணித் துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்த அவர், நாகப்பட்டினத்துக்கு மேற்கே கடைமடைக்குச் சமீபமான ஒரு ரெகுலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அளவையும் ஷட்டர் ஏற்றி இறக்கிய நேரத்தையும் ரிஜிஸ்தரில் எழுதுவது வேலை. முறை வைத்துப் பாய்ச்சும் காலத்தில் கால் மணிக்கும் அரை மணிக்கும் அரிவாள் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பதால் கடிகாரத்தை உயிராக வைத்திருந்தார். காலையில் சாவி கொடுப்பார். திருச்சி வானொலியின் மணியோசைக்கு முள்ளைச் சரிசெய்வார்.

1977 நவம்பர் 12 இரவு அவர் ரெகுலேட்டரில் இருந்தார். லஸ்கர் ஒருவரும் கூட இருந்தார். இரண்டே காலுக்கு ஷட்டர்களை முழுக்கத் தூக்கியதாகப் பெரியப்பா கடைசிவரை சொன்னார். கரை அதற்குப் பிறகு உடைந்தது என்பது அவர் கட்சி. உடைந்த பிறகுதான் தூக்கினார், தூங்கிவிட்டார் என்பது நிலம் போனவர்களின் கட்சி. ரிஜிஸ்தர் தண்ணீரோடு போய்விட்டது. விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்ட கேள்வியைப் பெரியப்பா எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார்: "உம்ம கடிகாரம் சரியா ஓடிச்சுங்கிறதுக்கு என்னய்யா சாட்சி?"

அவரிடம் சாட்சி இல்லை. லஸ்கருக்கு மணி பார்க்கத் தெரியாது என்று எழுதிக்கொண்டார்கள். பெரியப்பாவுக்கு ஓர் ஆண்டு இன்கிரிமெண்ட் நிறுத்தப்பட்டது. பணம் பெரிதில்லை. ஊரில் சிலர் சாகும்வரை அவரோடு பேசவில்லை. அவர்களுக்கு நியாயம் இருந்தது, மூன்று நாள் தண்ணீரில் நின்றவர்கள் அவர்கள். பெரியப்பாவும் அவர்களைக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அவருக்குக் கோபம் அந்தக் கேள்வியின்மேல்தான். ஹில்லரியிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

நண்பர் வந்துபோன சில நாட்களில் கடிகாரத்தைக் கும்பகோணத்தில் ஒரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். இரண்டடிக்கு மூன்றடி கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஐம்பது ஆண்டாக உட்கார்ந்திருப்பவர். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். ஊசியால் கீறிய எழுத்துக்கள், எண்கள். பழுது பார்க்கிறவர்கள் இப்படிக் கீறிவைப்பது வழக்கமாம், மறுபடி கொண்டுவந்தால் தாங்கள் பார்த்ததுதானா என்று தெரிந்துகொள்ள. சொந்தக்காரர் இதைப் பார்ப்பதே இல்லை. ஒரு ரிப்பேர்காரர் இன்னொரு ரிப்பேர்காரருக்கு எழுதுவது அது. நான்கு கைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று, 11-77.

"இது எங்க வாத்தியார் கை, தம்பி" என்றார் அவர். "ஏழை இப்படிக் கொக்கி போட்டுத்தான் எழுதுவார்."

"புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன். எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. முன்னாலே என்றால் அப்போதுதான் சுத்தம் செய்து எண்ணெய் போட்ட கடிகாரம். அது பொய் சொல்லியிருக்காது. பின்னாலே என்றால் நின்றுபோய்க் கொண்டுவந்திருப்பார்; எப்போது நின்றது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

அவர் லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார். "தண்ணி பூந்திருந்தா துரு காட்டும். இதுல காட்டலை. ஆனா உடனே பிரிச்சுத் துடைச்சிட்டாலும் காட்டாது. வாத்தியார் மாசமும் வருஷமுந்தான் போடுவார். தேதி போடமாட்டார்" என்றார்.

கடிகாரத்தைச் சுத்தம் செய்து ஓடவைத்தார். மூடுவதற்கு முன் பழக்க தோஷத்தில் ஊசியை எடுத்து வாத்தியார் எழுத்துக்குக் கீழே இந்த மாதத்தையும் ஆண்டையும் கீறினார்.

"தேதியும் போட்டுடுங்க" என்றேன்.